நந்தி எவ்வளவு விலகியது?

திருப்புன்கூர்க் கோயிலில் நந்தி சன்னிதிக்கு நேராக இல்லை. ஒரு பக்கமாக ஒதுங்கி உட்கார்ந்திருக்கிறது. வைத்தீஸ்வரன்கோயிலுக்குப் போகிறவர்கள், பக்கத்தில்தானே என்று அங்கேயும் போய் அந்த ஒதுக்கத்தைப் பார்த்துவிட்டு வருவார்கள். பிறந்த சாதியால் உள்ளே வர முடியாமல் வாசலில் நின்ற நந்தனார் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக, இறைவன் தன் வாகனத்தையே விலகச் சொன்ன இடம் அது. அதே நந்தனார் பிறகு சிதம்பரமாகிய தில்லைக்குப் போனார். அங்கே எதுவும் விலகவில்லை. தெற்கு வாயிலுக்கு வெளியே தீ வளர்த்தார்கள். அவர் அதற்குள் இறங்கி, பூணூலும் சடையுமாக வேறு உருவத்தில் எழுந்து, அதன் பிறகே உள்ளே போனார். போனவரை அப்புறம் யாரும் பார்க்கவில்லை.

அடியார் ஒருவர்தான், இறைவனும் ஒருவன்தான். ஓர் ஊரில் தடை நகர்ந்தது. இன்னோர் ஊரில் வந்தவர் மாற வேண்டியிருந்தது. அருள் என்பது இவற்றில் எது? பள்ளிக்கூடத்தில் பௌதிகம் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் சிட்லபாக்கத்தில் சிலர் கூடிப் பெரியபுராணம் வாசிக்கிறோம். நந்தனாரைச் சொல்லும் திருநாளைப்போவார் புராணத்துக்கு வரும்போதெல்லாம் இந்தக் கேள்வியில் எங்கள் வாசிப்பு நின்றுவிடும். சுண்டல் ஆறிப்போகும்.

இரண்டு சம்பவத்தையும் விரித்து எழுதிய சேக்கிழார் எங்கள் பக்கத்துக்காரர். பல்லாவரத்திலிருந்து பம்மல், அனகாபுத்தூர் வழியாகப் போனால் அவருடைய குன்றத்தூர். இரண்டாம் குலோத்துங்கனுக்கு அமைச்சராக இருந்தவர். கும்பகோணத்துக்குப் பக்கத்திலுள்ள திருநாகேஸ்வரத்தில் மனம் தோய்ந்து, சொந்த ஊரிலும் ஒரு திருநாகேஸ்வரம் கட்டியவர். அமைச்சர் என்பதை நான் முக்கியமாக நினைக்கிறேன். மேலே இடுகிற உத்தரவு கீழே போய்ச் சேரும்போது என்ன ஆகும் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். திருப்புன்கூரில் உத்தரவுக்கும் நந்திக்கும் நடுவே ஆளில்லை, சொன்னதும் நகர்ந்தது. தில்லையில் நடுவே ஆட்கள் இருந்தார்கள். அவர்களுடைய கனவில் போய்ச் சொல்ல வேண்டியிருந்தது. சொன்ன பிறகும் நடந்தது தீ வளர்ப்பதுதான்.

தீயில் இறங்கச் சொன்னதும் இறைவனே என்றுதான் சேக்கிழார் எழுதுகிறார். அதை நான் மழுப்பப் போவதில்லை. அந்தப் பாட்டுகளை என்னால் உரக்க வாசிக்க முடிவதில்லை. பக்கத்தில் இருப்பவரிடம் புத்தகத்தைத் தள்ளிவிடுவேன். பெரியபுராணம் அரங்கேறியதும் அதே தில்லை ஆயிரங்கால் மண்டபத்தில்தான் என்பது மரபு. எதிரே உட்கார்ந்து கேட்டவர்கள் யார் என்று நினைத்துப் பார்த்தால், அந்த நெருப்பை ஒளிக்காமல் அவர் எழுதிவைத்ததே பெரிது என்றும் தோன்றும்.

எங்கள் கூட்டத்தில் ரயில்வே கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் உண்டு. ஆடிட்டர் சார் என்று கூப்பிடுவோம். சித்தாந்தம் முறையாகப் படித்தவர். "அது ஞானத் தீ அம்மா. ஆணவம், கன்மம், மாயை மூணும் எரியறதைக் கதையா சொல்லியிருக்கார். நீங்க அதைப் போய் விறகு அடுப்பா எடுத்துக்கறீங்க" என்பார். அழகான விளக்கம்தான். மும்மலம் எல்லா உயிருக்கும் உண்டு என்று படித்திருக்கிறோம். அப்படியானால் அன்றைக்குத் தில்லையில் இருந்த அந்தணர் மூவாயிரவரில் ஒருவராவது அதே தீயில் இறங்கியிருக்க வேண்டாமா சார் என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணாடி துடைத்தால் அடுத்த வாரம் பதிலோடு வருவார் என்று எங்களுக்குத் தெரியும்.

நந்தனார் கோயில்களுக்குக் கொடுத்தது என்னவென்று பாருங்கள். பேரிகைக்குத் தோலும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பு, பூசைக்குக் கோரோசனை. அவர் கையால் கொடுத்த தோல் உள்ளே போய் ஒலிக்கலாம், கொடுத்தவர் போகக்கூடாது. எங்கள் பக்கத்துக் குரோம்பேட்டைக்கு அந்தப் பெயர் சேம்பர்ஸ் என்கிற வெள்ளைக்காரரின் குரோம் லெதர் ஆலையால் வந்தது. அந்த ஊரில் பிறந்து வளர்ந்தவர்களிலேயே பலருக்கு இது தெரியாது. தோலை நினைவில் வைத்துக்கொள்வதில் நமக்கு என்னவோ ஒரு கூச்சம்.

புராணத்தை இங்கே நிறுத்திவிட்டு, செப்டிக் டேங்குக்கு வருகிறேன். என் கேள்வி உண்மையில் அங்கேதான் தொடங்கியது.

தாம்பரம் 2021 நவம்பரில் மாநகராட்சி ஆனது. பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளும் சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலைப் பேரூராட்சிகளும் சேர்ந்து 70 வார்டு. பாதாளச் சாக்கடை எட்டாத தெருக்கள் இவற்றில் ஏராளம். அங்கெல்லாம் வீட்டுக்கு வீடு தொட்டி, தொட்டிக்கு லாரி. தொட்டியில் என்ன நடக்கிறது என்பது பள்ளிப் பாடம்தான்: கனமானது அடியில் படியும், கொழுப்பு மேலே ஏடு கட்டும், நடுவிலுள்ள தண்ணீர் வெளியேறும். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை எடுத்துவிட்டால் அடிச்சகதி இளகலாகவே இருக்கும். லாரிக் குழாய் இழுத்துவிடும். யாரும் எடுப்பதில்லை. நிரம்பி வழிந்து வாசலுக்கு வந்தால்தான் போன் போடுகிறோம். அதற்குள் அடி கெட்டிப்பட்டுவிடுகிறது.

எங்கள் குடியிருப்பிலும் அதுதான் நடந்தது. லாரிக்காரர் குழாயை விட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அடியில இறுகிக் கெடக்குது சார். ஓஸ் இழுக்க மாட்டேங்குது. பையனை இறக்கி வெட்டிவிட்டா பத்து நிமிஷ வேலை."

எங்கள் சங்கச் செயலாளர் என் முகத்தைப் பார்த்தார். "டீச்சர், அவங்களுக்கு இது பழக்கம்தான்."

"பழகிப்போன நுரையீரல்னு ஒண்ணு கிடையாது சார்" என்றேன்.

ஹைட்ரஜன் சல்பைடு அழுகின முட்டை நாற்றம் அடிக்கும் என்று எட்டாம் வகுப்புப் பிள்ளை சொல்லும். அளவு கூடினால் அந்த நாற்றமே தெரியாது, நுகரும் நரம்பு மரத்துவிடும் என்பதைத் தேர்வில் யாரும் கேட்பதில்லை. ஆகவே, நாற்றம் குறைந்துவிட்டது என்று இறங்குகிறவன் செத்துப்போகிறான். அவனைத் தூக்கப் போகிற அண்ணனோ மச்சானோ அடுத்துச் சாகிறான். செய்தித்தாளில் இரண்டு பேர், மூன்று பேர் என்று வருவது இப்படித்தான்.

மனிதரைக் கழிவு அள்ள வைக்கக் கூடாது என்று 1993இல் ஒரு சட்டம் வந்தது. 2013இல் இன்னும் கடுமையாக ஒன்று வந்தது. 2014இல் உச்ச நீதிமன்றம் இப்படி இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்றது; 2023இல் அதை 30 லட்சம் ஆக்கியது. இத்தனைக்கும் நடுவில், நாடாளுமன்றத்தில் வாசிக்கப்பட்ட இறப்புப் பட்டியல்களில் தமிழ்நாடு முன்வரிசையிலேயே இருந்திருக்கிறது. உத்தரவு கனவில் வந்தாலும் அரசிதழில் வந்தாலும், நடுவில் இருக்கிறவர்கள் நாம்.

அன்றைக்குப் பையனை இறக்கவிடவில்லை. தண்ணீர் விட்டு, நீளமான சவுக்குக் கழியால் மேலே நின்றே கலக்கி, ஊறவிட்டு, மறுநாள் இரண்டாவது லோடு எடுத்தார்கள். அவ்வளவுதான் தொழில்நுட்பம். பையன் லாரிப் படியில் உட்கார்ந்து போனில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு நான் ஏதோ நன்மை செய்தேன் என்று அவன் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. செயலாளருக்குத்தான் இரண்டாவது லோடுக்கான பணம் உறுத்தியது. ஆள் உயிருக்கும் இன்னொரு லோடுக்கும் நடுவே இருந்த வித்தியாசம் அந்த ரசீதுதான்.

இங்கே ஒரு பழைய வாதம் ஞாபகம் வருகிறது. எங்கள் வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் கிறித்தவக் கல்லூரிக் காடு. கல்லூரி பாரிமுனைப் பக்கத்திலிருந்து தாம்பரத்துக்கு 1937இல் வந்தது. அப்போது முதல்வராக இருந்தவர் ஏ. ஜி. ஹாக் என்கிற ஸ்காட்லாந்துக்காரர். கல்லூரி பழைய இடத்தில் இருந்தபோது அவரிடம் தத்துவம் படித்தவர் ராதாகிருஷ்ணன். வேதாந்தத்தில் அறத்துக்கு இடமில்லை என்று வாத்தியார்கள் சொல்லக் கேட்டு ரோஷப்பட்டு, இடம் இருக்கிறது என்று 1908இல் முதுகலை ஆய்வேடு எழுதினார். மறு வருஷம் ஹாக் கர்மத்தையும் மீட்பையும் பற்றி ஒரு புத்தகம் போட்டார். கர்மக் கோட்பாடு உலகத்தை ஒரு நீதிமன்றமாக ஆக்கிவிடுகிறது. அவரவர் செய்ததை அவரவருக்கு அளந்து கொடுக்கிறது. ஒருவர் சுமையை இன்னொருவர் சுமப்பதற்கு அங்கே வழியில்லை என்பது அவருடைய குறை. ராதாகிருஷ்ணன் பிறகு ஆக்ஸ்ஃபோர்டு உரைகளில் வேறு மாதிரி சொன்னார்: கர்மம் நம் கைக்கு வந்த சீட்டு, அதை வைத்து எப்படி ஆடுவது என்பது நம் சுதந்திரம்.

இரண்டு பேரையும் ஒருநாள் எங்கள் தொட்டி மூடியருகே நிற்க வைக்கலாம் என்று எனக்கு ஆசை. வருஷக்கணக்காகத் தொட்டியைத் திறக்காமல் இருந்த வினை எங்களுடையது. சகதி இறுகியது அதன் பலன். அந்தப் பலன் இறங்குகிற பையன் தலையில் போய்ச் சேர்கிறது. வினை ஓரிடம், பலன் ஓரிடம். ஹாக் ஐயா, ஒருவர் சுமையை இன்னொருவர் சுமக்க வழியில்லை என்றீர்களே, நாங்கள் அதற்கு ஒரு சாதியையே ஏற்பாடு செய்து வைத்திருக்கிறோம் என்று சொல்வேன். ராதாகிருஷ்ணனிடம், சீட்டைக் கலைத்துப் போட்டவர் யார் சார் என்று கேட்பேன். முன்வினை என்று பதில் வரும். அவனுடைய முன்வினையா, எங்களுடைய போன வருஷத்து வினையா?

இயந்திரத்துக்கு வருகிறேன். கிண்டி ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் பிரபு ராஜகோபால் குழுவினர், தங்கள் நிறுவனத்தில் பிறந்த சோலினாஸ் என்கிற கம்பெனியோடு சேர்ந்து ஹோமோசெப் என்று ஒரு ரோபோவைச் செய்திருக்கிறார்கள். அதன் நுனியில் சுழலும் கத்திகள். மூடி வழியாக மடிந்து உள்ளே போய் அங்கே விரியும். இறுகிய சகதியை வெட்டிக் கலக்கிக் கூழாக்கும். கூடவே இருக்கும் குழாய் உறிஞ்சி எடுத்துவிடும். எங்கள் சவுக்குக் கழி செய்த வேலைதான், ஒழுங்காக. கேரளத்தில் பிறந்த பேண்டிகூட் பாதாளச் சாக்கடைக் குழிகளுக்கானது; இது தொட்டிகளுக்கு. என்னை இந்த ரோபோவின் பொறியியலைவிட இன்னொரு முடிவு கவர்ந்தது. 2022இல் முதல் இரண்டு ஹோமோசெப்பும் எங்கே போயின தெரியுமா? இந்த வேலையில் கணவனைப் பறிகொடுத்த இரண்டு பெண்கள் நடத்தும் சுய உதவிக் குழுக்களுக்கு. இயந்திரத்துக்கு அவர்கள் கூலி இல்லை, உடைமையாளர்கள்.

அது ஏன் முக்கியம் என்பதற்கும் நந்தன் கதையிலேயே விடை இருக்கிறது, சேக்கிழாரிடம் அல்ல, கோபாலகிருஷ்ண பாரதியிடம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவர் எழுதிய நந்தனார் சரித்திரத்தில்தான் ஒரு வேதியர் வருகிறார், நந்தன் உழைக்கிற நிலத்துக்குச் சொந்தக்காரர். வயல் வேலையெல்லாம் முடித்தால்தான் சிதம்பரம் என்கிறார். ஒரே ராத்திரியில் சிவகணங்கள் இறங்கி வேலையை முடித்துவிடுகின்றன. மனிதக் கை படாமல் முடிந்த அறுவடை! குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் படித்த சுஜாதா பின்னால் ஜீனோ என்கிற இயந்திர நாயைப் பேச வைத்தார். அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே நம்மிடம் ரோபோ கதை இருந்தது என்று வகுப்பில் வேடிக்கையாகச் சொல்வேன். ஆனால் வேடிக்கை அதோடு முடிந்தது. நெல் யாருடைய களஞ்சியத்துக்குப் போனது? வேதியருடையதற்கு. வேலை தீர்ந்த நந்தன் எங்கே போனார்? சிதம்பரத்துக்கு. அங்கே நெருப்பு தயாராக இருந்தது. கணங்கள் அவர் வேலையைத்தான் எடுத்துக்கொண்டன, அவர் மேல் ஊர் ஒட்டிய தீட்டை எடுக்கவில்லை. இயந்திரம் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிற பொறியாளர்களுக்கு நான் சொல்ல நினைப்பது இந்தக் கதைதான். வண்டி யார் பெயரில், வருமானம் யாருக்கு, ஓட்டுகிறவருக்கு எங்கள் வீட்டுத் தம்ளரில் தண்ணீர் உண்டா, இல்லை பிளாஸ்டிக் பாட்டிலா?

அம்பேத்கர் தீண்டப்படாதார் பற்றி 1948இல் வெளியிட்ட நூலை மூன்று பேர் நினைவுக்கு அர்ப்பணித்தார். ரவிதாஸ், சொக்கமேளா, நம் நந்தனார். ஆடிட்டர் சாரிடம் இதைச் சொன்னபோது அவர் நம்பவில்லை. புத்தகத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன். அன்று கண்ணாடியை ரொம்ப நேரம் துடைத்தார்.

தடை நகர்வதா, வந்தவர் மாறுவதா என்கிற கேள்வி பேருந்திலும் உண்டு. அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சென்னையில் தாழ்தளப் பேருந்து வேண்டும் என்று மாற்றுத்திறனாளிகள் உயர் நீதிமன்றத்தில் வருஷக்கணக்காகப் போராடினார்கள். சாலை சரியில்லை, மழைத் தண்ணீர் தேங்கும், விலை அதிகம் என்று பதில்கள் வந்தன. அதாவது சாலை மாறட்டும், மழை மாறட்டும், நீங்கள் காத்திருங்கள். 2024 ஆகஸ்டிலிருந்து புதிய தாழ்தளப் பேருந்துகள் ஓடுகின்றன. தளம் தரையிலிருந்து சுமார் 40 சென்டிமீட்டர். நிறுத்தத்தில் நிற்கும்போது நடைமேடைப் பக்கமாக உடம்பை இன்னும் சாய்த்துத் தாழ்ந்து கொடுக்கும். முதல் தடவை அதைப் பார்த்தபோது எனக்குத் திருப்புன்கூர்தான் ஞாபகம் வந்தது. என்ன, ஜி.எஸ்.டி. சாலையில் ஓட்டுநர் நடைமேடையை ஒட்டி நிறுத்தினால்தானே? ஆட்டோக்களும் தள்ளுவண்டியும் நிற்கிற இடத்தில் அவர் எங்கே ஒட்டுவார்? பேருந்து நடுச்சாலையில் பணிந்து நிற்கிறது. சக்கர நாற்காலிக்காரர் ஓரத்தில் நிற்கிறார். நந்தி விலகி, நடுவில் தள்ளுவண்டி. கிளாம்பாக்கத்தில் 2023 டிசம்பர் 30 அன்று அவ்வளவு பெரிய பேருந்து முனையத்தைத் திறந்தபோது, பக்கத்தில் ஓடுகிற மின்ரயில் நிற்க அங்கே ஒரு நிலையம் கிடையாது. ஜனங்கள் வண்டலூருக்கும் ஊரப்பாக்கத்துக்கும் மூட்டையோடு அலைந்தார்கள். பாதி விலகுவதும் ஒரு வகைத் தடைதான்.

கல்வியில் எனக்குச் சொந்த அனுபவம் உண்டு. நான் வேலை பார்த்த பள்ளி ஒன்றில் ரோபோ ஆய்வகம் வந்தது. மோட்டார், சென்சார், ஆர்டுயினோ பலகைகள், எல்லாம் அட்டைப் பெட்டியில் நெகிழிச் சுருளோடு. அலமாரிக்குப் பூட்டு. ஆய்வுக்கு அதிகாரிகள் வருகிற அன்று மட்டும், நன்றாகப் படிக்கிற நாலு பிள்ளைகள் வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு அதன் பக்கத்தில் நிற்பார்கள். மற்றவர்கள் தொட்டால் உடைத்துவிடுவார்களாம். முதலில் மதிப்பெண், அப்புறம் மோட்டார். பொறுப்பு என் கைக்கு வந்தபோது சாவியைச் சாப்பாட்டு இடைவேளையில் பிள்ளைகளிடமே கொடுத்தேன். உடைந்தன, உண்மைதான். சென்சார்கள் நிறையப் புகைந்தன. கோடு பார்த்து ஓடும் வண்டியை முதலில் ஓடவைத்தது கணக்கில் எப்போதும் தோற்கிற ஒரு பெண். அப்பா பம்மலில் மெக்கானிக். அவளுக்குச் சாலிடர் இரும்பு பிடிக்க யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

பிரம்மஞான சபையின் ஆல்காட் 1894இல் அடையாற்றுப் பக்கம் பஞ்சமர்களுக்கு இலவசப் பள்ளி திறந்தபோது, முதலில் குளித்து வா, பாஷை திருத்தி வா என்று சொல்லவில்லை. 1920இல் சென்னை மாநகராட்சி ஆயிரம்விளக்குப் பள்ளியில் மதியச் சாப்பாடு போட்டபோதும், 2022இல் காலை உணவு வந்தபோதும், பசியோடு வருகிற பிள்ளையைப் பார்த்துப் படிப்பார்வம் இருக்கிறதா என்று யாரும் சோதிக்கவில்லை. வள்ளலார் வடலூரில் 1867இல் அடுப்பு மூட்டினாரே, அதுவும் தீதான். யாரும் அதற்குள் இறங்க வேண்டியிருக்கவில்லை. ஆனால் 2018இல் அவிநாசிப் பக்கத்தில் ஓர் ஊரில், சத்துணவு சமைக்கிற பெண்ணின் சாதியைச் சொல்லி அவர் சமைக்கக் கூடாது என்று நின்றார்கள். திட்டம் விலகியது, ஊர் நகரவில்லை. வழக்குப் பதிவான பிறகுதான் அசைந்தார்கள். மனசு மாறட்டும், பிறகு ஏற்பாடு செய்யலாம் என்று சொல்கிறவர்களிடம் எனக்குப் பொறுமை கிடையாது. அந்தப் பெண்ணின் அடுப்பு எரிந்துகொண்டிருக்கட்டும். மனசு மாறுகிறவர்கள் அந்தச் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டே மாறலாம்.

ஆடிட்டர் சார் ஒரு வாரம் பதிலோடு வந்தார். "நீங்க சொல்ற மாதிரி எல்லாத்தையும் ஏற்பாட்டால செஞ்சுட்டா, புண்ணியம்னு ஒண்ணு எங்கே நிக்கும்? தப்பு செய்ய வழியே இல்லாதவன் நல்லவனா?" நியாயமான கேள்வி. நந்திக்கும் அதே கேள்வி பொருந்தும். விலகியதில் நந்திக்கு என்ன புண்ணியம்? சேக்கிழார் அதைப் பற்றிப் பேசவே இல்லை. நந்தனார் பார்த்தார், கும்பிட்டார், அந்த ஊருக்கு ஒரு குளம் வெட்டினார், அவ்வளவுதான் எழுதியிருக்கிறார். என் புண்ணியக் கணக்குக்காக இன்னொருவன் குழி விளிம்பில் நின்று காத்திருக்க வேண்டியதில்லை என்றேன். அவர் ஒப்புக்கொண்டாரா என்று இன்றுவரை தெரியாது. ஆனால் சங்கக் கூட்டத்தில், தொட்டியைக் குறித்த காலத்தில் எடுப்பது, எந்தக் காரணத்துக்கும் ஆளை இறக்குவதில்லை, இரண்டாவது லோடு ஆனாலும் இயந்திரத்துக்கு வாடகை ஆனாலும் பொது நிதியிலிருந்து கொடுப்பது என்று தீர்மானம் வந்தபோது, முதலில் கையைத் தூக்கியவர் அவர்தான். அவர் எங்கள் சங்கத்துக்குப் பொருளாளரும்கூட. பேரேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைக் கேட்டார்:

"இதை எந்தத் தலைப்பில எழுதட்டும்? தர்மக் கணக்கா, பராமரிப்பா?"

"பராமரிப்பு சார்" என்றேன். எழுதிக்கொண்டார்.